பீரோ இறங்காத மாடி, வேன் நுழையாத சந்து

கொல்கத்தாவில் வீடு மாற்றுவதைப் பார்த்தால் சிரிப்பு வரும், மாற்றுகிறவருக்கு வராது. யார் ஊரை விட்டுப் போகிறார்கள், எந்த வீடு இடிபடப் போகிறது, எந்தக் குடும்பம் இரண்டாகப் பிரிகிறது என்பதெல்லாம் அக்கம்பக்கத்தாரை முந்திக்கொண்டு வேன்காரருக்குத் தெரிந்துவிடுகிறது.

வடக்குக் கொல்கத்தா. முக்தாராம் பாபு தெருவிலிருந்து பிரியும் சந்துகளில் ஒன்று. காலை நேரம். மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஒரு கோத்ரெஜ் பீரோ சிக்கிக்கொண்டு நிற்கிறது. மேலே இரண்டு பேர், கீழே இரண்டு பேர். கீழே நிற்பவர்களில் ஒருவர் கம்ச்சாத் துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்து, பீரோவின் அடிப்பக்கத்தைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். மூக்கு அரித்தாலும் கையை எடுக்க முடியாத நிலைமை.

வலப்பக்கம் திருப்பு என்கிறார் மேலே இருப்பவர். யாருடைய வலது என்பதில் தகராறு. எதிர் பால்கனியில் லுங்கியோடு நிற்கும் பெரியவர், படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்துவைத்துவிட்டு, எந்தக் கோணத்தில் சாய்க்க வேண்டும் என்று விளக்குகிறார். அவர் சொல்வது தவறு என்று பக்கத்து ஜன்னலிலிருந்து இன்னொருவர். சந்து முனையில் மண் குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்த வேன்காரர் நிதானமாக மேலே ஏறி வந்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்.

"மாஷிமா, இது மேலே எப்படி வந்தது?"

நியாயமான கேள்வி. பீரோ வந்தது மாஷிமாவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின், கல்யாணத்தின்போது. அப்போது படிக்கட்டு இதைப்போல இரண்டு பங்கு அகலம். பிறகு மாமனார் காலமானார்; சகோதரர்களுக்குள் பாகப்பிரிவினை, வழக்கு, தீர்ப்பு; வீட்டுக்கு நடுவே ஒரு சுவர். சுவர் படிக்கட்டையும் விட்டுவைக்கவில்லை. கோர்ட்டு எல்லாவற்றையும் அளந்தது, பீரோவை மட்டும் அளக்க மறந்துவிட்டது.

கடைசியில் வராந்தாவின் மரத் தட்டியைக் கழற்றி, சணல் சாக்கில் பீரோவைப் பொதிந்து, கயிறு கட்டித் தெருவில் இறக்கினார்கள். பாதி உயரத்தில் பீரோ தொங்கியபோது அந்தப் பேட்டை முழுக்கத் தலை நிமிர்ந்து நின்றது. கீழே வந்து சேர்ந்ததும் லேசாகக் கைதட்டலும் எழுந்தது.

பியானோவிலிருந்து பீரோ வரை

பாரமான ஒரு பொருள், குறுகலான ஒரு படிக்கட்டு, இரண்டு மனிதர்கள். சினிமாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? லாரலும் ஹார்டியும் ஒரு பியானோவைப் பெரிய படிக்கட்டின் உச்சிக்கு ஏற்றப் படாத பாடு படும் 'தி மியூசிக் பாக்ஸ்' 1932-ல் வந்தது. நகைச்சுவைக் குறும்படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கியது. வங்காளிகளுக்கோ 1953-ல் வந்த 'ஷாரே சுவாத்தோர்' இன்றும் அலுக்காத படம். ஆண்கள் மட்டும் தங்கும் மெஸ்ஸுக்குள் வீடிழந்த ஒரு குடும்பம், வயது வந்த பெண்ணோடு, குடிவருவதிலிருந்துதான் அதன் கலாட்டா ஆரம்பம். பெட்டி படுக்கையோடு ஒருவர் வாசலில் வந்து நின்றாலே இந்த ஊரில் கதை தொடங்கிவிடும்.

இந்த நாடகத்தின் நிஜ நாயகர் வேன்காரர். மேம்பாலங்களின் அடியிலும் சந்தைகளின் ஓரத்திலும் வண்டியை நிறுத்திவைத்து, முன்சீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பார். வாடகை பேசுவதே ஒரு தனிக் காட்சி. எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, சந்துக்குள் வண்டி நுழையுமா, லோடுமேன் எத்தனை பேர் என்று அவர் வரிசையாகக் கேட்பார். எல்லாவற்றுக்கும் வீட்டுக்காரர், அண்ணன் என்ற பொருளில் 'தாதா' போட்டு, சொல்லும் பதில் ஒன்றுதான்: "சாமான் கொஞ்சம்தான் தாதா."

அந்தக் 'கொஞ்சம்' என்ன என்பது மாடி ஏறியதும் தெரியும். கட்டில், பீரோ எல்லாம் வேன்காரர் எதிர்பார்த்தவைதான். அவரைச் சாய்ப்பது புத்தகம். ரவீந்திரர் தொகுப்பு மொத்தமும் இருக்கும். 'தேஷ்' பத்திரிகையின் பூஜைச் சிறப்பிதழ்கள் அப்பா காலத்திலிருந்து வரிசையாக இருக்கும். பிள்ளையின் என்ஜினீயரிங் நோட்டுகளும் இருக்கும், பிள்ளை பெங்களூரில் இருந்தாலும். அரிசி மூட்டையைக்கூட அலட்சியமாகத் தூக்கும் ஆள், புத்தகம் நிரம்பிய அட்டைப்பெட்டியைத் தொட்டதும் ஒரு நிமிஷம் நின்று வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்ப்பார். அந்தப் பார்வைக்குத் தனி ரேட்டு. லேக் மார்க்கெட் பக்கம் தமிழர் வீடானால் பைண்டு செய்த விகடன், கல்கி தொடர்கதைகள். எடையில் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

> பெட்டிச் செய்தி: தெருவை மாற்றிய குட்டியானை
>
> நடுத்தர அளவுள்ள எந்தச் சரக்கு வேனையும் கொல்கத்தா 'மெட்டடார்' என்றே அழைக்கிறது. அந்தப் பெயரில் வேன் செய்த பஜாஜ் டெம்போ நிறுவனமே 2005-ல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறிவிட்டது. தெருவில் பெயர் மாறவில்லை.
>
> அதே 2005-ல் டாடா ஏஸ் வந்தது. 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜின், முக்கால் டன் பாரம். நம் ஊரில் குட்டியானை, அங்கே சோட்டா ஹாத்தி. மெட்டடார் நுழையாத சந்துகளில் நுழைந்தது இதன் முதல் பெருமை.
>
> கொல்கத்தாவில் 15 வயதைத் தாண்டிய வர்த்தக வாகனங்களுக்கு 2009 முதல் தடை. நூறு வயதுக் கட்டிலை ஏற்றிப்போகும் வண்டிக்கு வயது 15-க்குள் இருக்க வேண்டும்.

வண்டி இருக்கும், மாதம் இருக்காது

நம் ஊரில் ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்ச மாட்டோம். வங்காளிகளுக்கு பாத்ர, பௌஷ், சைத்ர மாதங்கள் ஆகாது. நம் கணக்கில் ஏறக்குறைய ஆவணி, மார்கழி, பங்குனி. இரண்டு சம்பிரதாயத்தையும் பார்க்கிற கொல்கத்தா தமிழ்க் குடும்பம் ஒன்று வீடு மாற்ற நினைத்தால் ஆடி, ஆவணி, மார்கழி, பங்குனி நான்கும் போயிற்று. மிச்ச மாதங்களில் சனிக்கிழமை, அஷ்டமி, நவமி, ராகுகாலம் கழித்துப் பாருங்கள்.

பஞ்சாங்கத்திலும் சிக்கல். நமக்கு வாக்கியம், திருக்கணிதம் மாதிரி அங்கே குப்தா பிரெஸ் பஞ்ஜிகா ஒரு கட்சி, விசுத்த சித்தாந்த பஞ்ஜிகா இன்னொரு கட்சி. மாமியார் ஒன்றையும் மருமகள் மற்றொன்றையும் பார்க்கிற வீட்டில் வேன்காரருக்கு இரண்டு முகூர்த்தம் சொல்லப்படும். அவர் இரண்டுக்கும் சரி என்பார். வரப்போவது மூன்றாவது நேரத்தில்தான்.

நல்ல மாதம் எல்லாம் கூடி வந்தாலும் பூஜை நெருங்கிவிட்டால் வண்டி கிடைக்காது. குமார்ட்டுலியில் செய்த துர்க்கை சிலைகள் முகம் மூடி, மூங்கிலில் கட்டப்பட்டு, லாரியிலும் மெட்டடாரிலும் பந்தல்களுக்குப் புறப்படும் காலம் அது. தேவி வரும் வாகனத்தையும் பஞ்ஜிகா சொல்லிவிடும்: சப்தமி ஞாயிறு, திங்களில் வந்தால் யானை, புதன் வந்தால் படகு. எந்த வாகனம் எழுதியிருந்தாலும் தெருமுனை வரை அவள் வருவது வாடகை வண்டியில். விசர்ஜனம் முடிந்து, லட்சுமி பூஜையும் முடிந்த பிறகே சாமானியரின் மெத்தைக்கும் மிக்ஸிக்கும் முறை வரும்.

மழை இன்னொரு கூத்து. டண்டனியா பக்கம் ஒரு மணி நேரம் பெய்தாலே முழங்கால் தண்ணீர் என்பது ஊரறிந்த விஷயம். 2025 செப்டம்பர் 23 அன்று, பூஜைக்குச் சில நாள் முன்பு, ஒரே இரவில் சுமார் 250 மி.மீ. கொட்டித் தீர்த்தது. மின்சாரம் பாய்ந்து பலர் இறந்தார்கள். அதைச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது. மழைக்காலத்தில் தரைத்தளச் சாமானைத் தார்ப்பாய் போட்டு ஏற்றும் லோடுமேன், தண்ணீருக்குள் கால் வைக்குமுன் மெயின் ஸ்விட்ச் அணைத்தாயிற்றா என்று கேட்பது பயந்தாங்கொள்ளித்தனம் அல்ல.

அப்புறம் ஒருவழிப் பாதை. கொல்கத்தாவின் பல தெருக்கள் காலையில் ஒரு திசையிலும் பிற்பகலில் எதிர்த்திசையிலும் ஓடும். புதிதாக வருகிறவர் நம்ப மாட்டார். சரக்கு வண்டிகளுக்கு நெரிசல் நேரத் தடையும் உண்டு. ஆகவே பீரோ படிக்கட்டில் சிக்கி ஒரு மணி நேரம் வீணானால் நஷ்டம் ஒரு மணி நேரத்தோடு போகாது. வண்டி வந்த வழியே திரும்ப முடியாமல், ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். டீ குடித்துக்கொண்டு நின்ற வேன்காரர் அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தது அதனால்தான்.

கட்டிலுக்கு இடமில்லாத ஃபிளாட்

பழைய வீட்டின் உத்தரம் ஆளுயரத்தைப்போல மூன்று மடங்கு. அதற்கேற்பச் செய்த பர்மா தேக்குக் கட்டிலில் ஏறப் படிக்கட்டு வேண்டும். நான்கு மூலையிலும் கொசுவலைத் தூண். புது ஃபிளாட்டின் படுக்கையறையில் அதைப் போட்டால் கதவு திறக்காது. கதவைத் திறக்க வேண்டுமானால் கட்டிலின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்க வேண்டும். தச்சர் வந்து கழற்றிக் கொடுப்பார். கழற்றிய ஆணிகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பார்கள். அந்தப் பாட்டில் மட்டும் தொலையும்.

புது ஃபிளாட்டில் அடங்காத சாமான் எங்கே போகிறது? ரஸ்ஸல் தெருவில் ரஸ்ஸல் எக்ஸ்சேஞ்ச் என்று ஓர் ஏலக்கடை, 1940-ல் தொடங்கியது. ஊரை விட்டுக் கிளம்பிய வெள்ளைக்காரர்களின் மேஜை, நாற்காலி, சரவிளக்கு, பீங்கான் எல்லாம் ஒருகாலத்தில் இந்தக் கடைகளில்தான் சுத்தியல் தட்டி விலைபோயின. அந்தக் கடையைப் பற்றி ஆவணப்படமே வந்திருக்கிறது. துரைமார் விட்டுப்போனதை வாங்கி வடக்குக் கொல்கத்தா பாபு தன் வீட்டை நிறைத்தார். அந்த பாபுவின் பேரன் அமெரிக்காவிலிருந்து வந்து அதே மாதிரிக் கடைக்கு அதே மேஜையை வேனில் அனுப்புகிறான். இந்த மேஜையை இதற்கு முன் எந்தப் பாட்டன் தலையில் சுமந்தானோ என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

வேன்காரருக்கும் இதில் பங்குண்டு. எடுத்துச்செல்ல முடியாதது, விற்க மனமில்லாதது, எறியக் கூசுவது என்று ஒவ்வொரு வீட்டிலும் சில உருப்படிகள் மிஞ்சும். ஆட்டுக்கல், ஊஞ்சல் சங்கிலி, கால் உடைந்த ஹார்மோனியம். "நீங்களே எடுத்துக்கோங்க தாதா" என்று வீட்டுக்காரர் தாராளமாகக் கொடுப்பார், கூலியில் கொஞ்சம் குறைக்கலாமே என்ற நினைப்போடு. வேன்காரர் வீட்டில் ஏற்கெனவே நாலு ஹார்மோனியம் இருக்கும்.

லேக் மார்க்கெட்டின் கொலுப் பெட்டி

கொல்கத்தாவில் தமிழர் வரலாற்றையே வீடு மாற்றிய கதையாகச் சொல்லிவிடலாம். அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸ், ரயில்வே, தேயிலைக் கம்பெனி என்று வேலைக்கு வந்தவர்கள் ராஷ்பிஹாரி அவென்யூவைச் சுற்றிக் குடியேறினார்கள். அப்படி வேலைக்கு வந்தவர்களில் பேர்போனவர் சி.வி.ராமன். 1907-ல் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரலாகக் கல்கத்தா வந்தார். ரங்கூன், நாக்பூர் என்று மாற்றலாகித் திரும்பிய பிறகு, பவ்பஜாரில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தை ஒட்டிய வீட்டுக்கே குடிபோனார்; ராத்திரி எந்நேரமும் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைய வசதி. நோபல் பரிசெல்லாம் வாங்கி, 1933-ல் அவரும் மூட்டை கட்டி பெங்களூர் போனார்.

அறுபதுகளின் கடைசியில் கெராவோ, கதவடைப்பு என்று கம்பெனிகள் தலைமையகத்தை பம்பாய்க்கும் டெல்லிக்கும் கொண்டுபோனபோது அவற்றோடு பல தமிழ்க் குடும்பங்களும் போயின. அடுத்த தலைமுறை சாஃப்ட்வேர் வேலைக்குச் சென்னை, பெங்களூர். நேஷனல் ஹை ஸ்கூல் இருக்கிறது, பாரதி தமிழ்ச் சங்கம் இருக்கிறது, லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் மாடிப்படி வாசலில் கோலம் குறைந்துவிட்டது.

தமிழ் வீட்டைக் காலி செய்வதில் வேன்காரர் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்கு: கொலுப் பெட்டி. பழைய வேட்டி, புடவைத் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் அடுக்கிய மண் பொம்மைகள். மரப்பாச்சி, தசாவதாரம், செட்டியார் கடை, கிரிக்கெட் டீம். மாமி அந்தப் பெட்டியை லோடுமேன் தலையில் ஏற்றும் வரை பார்த்துக்கொண்டே இருப்பார். ஏற்றிய பிறகு கூடவே படி இறங்குவார். வேனில் முன்சீட்டு மாமிக்கு, மடியில் பெட்டி. லாரியில் போட்ட வாஷிங் மெஷின் என்ன ஆகும் என்று கவலை கிடையாது. ஷாலிமாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறும்போதும் பெர்த்துக்கு அடியில் முதலில் போவது அதுதான். (அந்த ரயிலும் ஹவுராவிலிருந்து வீடு மாறி ஷாலிமாருக்கு வந்ததுதான்.)

> பெட்டிச் செய்தி: சாமான் கட்டுமுன்
>
> • வீட்டில் பயன்படுத்திய சொந்தச் சாமானை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக ஜிஎஸ்டி விதிகளின்படி இ-வே பில் தேவையில்லை. 'வழியில் பிடிப்பார்கள்' என்று அதற்காகத் தனிப் பணம் கேட்டால் யோசியுங்கள்.
>
> • மலிவான ரேட்டு சொல்லிச் சாமானை ஏற்றிக்கொண்டு, நடுவழியில் கூடுதல் பணம் கேட்டு மடக்கும் மோசடி எல்லா நகரத்திலும் உண்டு. வண்டி எண், ஓட்டுநர் உரிமம் இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். பேசிய தொகையை எழுத்தில் வாங்குங்கள்.
>
> • நகை, பத்திரம், மருந்து மூன்றும் உங்கள் கையில்.
>
> • கேரளத்துக்குப் போகிறீர்களா? வேலை செய்யாமல் வேடிக்கை பார்த்ததற்குக் கூலி கேட்கும் 'நோக்குக்கூலி' அங்கே 2018 மே 1 முதல் ஒழிக்கப்பட்டது.

வேன் தேவைப்படாத இரவு

இதுவரை சொன்னதெல்லாம் நாள் பார்த்து, பேரம் பேசி, அலுத்துக்கொண்டு வீடு மாறியவர்களின் கதை. பவ்பஜாரில் நடந்தது வேறு.

2019 ஆகஸ்ட் 31. கிழக்கு மேற்கு மெட்ரோவுக்காகப் பூமிக்கடியில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த இயந்திரம், அதற்குச் சண்டி என்று பெயர், நிலத்தடி நீர்த்தேக்கம் ஒன்றைக் குத்திவிட்டது. தண்ணீரும் மண்ணும் சுரங்கத்துக்குள் பாய, மேலே துர்கா பிதுரி சந்திலும் சாக்ராபாடா சந்திலும் வீடுகள் விரிசல் விட்டன. சில அப்படியே உட்கார்ந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் உடுத்திய துணியோடு ஹோட்டல் அறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். பிறகு குடும்பத்துக்கு ஒருவர், சில நிமிஷம் உள்ளே போய் வேண்டியதை எடுத்துவர அனுமதி.

சில நிமிஷத்தில் எதை எடுப்பது? ஆதார் அட்டை, பாஸ்புக், மாத்திரை, சாமி படம். மூன்று தலைமுறையாகச் சேர்ந்த சாமான் ஒரு பையில் அடங்கியது. அது பொற்கொல்லர் பேட்டை. பட்டறைகள் மூடியதால் வீட்டோடு பிழைப்பும் போனது. குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரப்பட்டது. 2022 மே மாதம் அதே துர்கா பிதுரி சந்தில் மறுபடி விரிசல். அக்டோபரில் பக்கத்து மதன் தத்தா சந்தில். ஹோட்டலிலிருந்து வாடகை வீடு, வாடகை வீட்டிலிருந்து திரும்பி வந்து, மறுபடி ஹோட்டல் என்று அலைந்தவர்களும் உண்டு. 2025 ஆகஸ்ட் 22-ல் எஸ்பிளனேடு – சியால்தா பகுதி திறக்கப்பட்டு முழுப் பாதையும் ஓடத் தொடங்கியபோதும், பலர் இடிந்த தங்கள் வீட்டுக்கு மாற்றாக வீடு கட்டித் தரப்படக் காத்திருந்தார்கள். அவர்கள் வீடு இருந்த இடத்தின் அடியில் ரயில் சில விநாடியில் கடந்துவிடுகிறது.

ஊரெங்கும் சிவப்பு எழுத்தில் 'ஆபத்தான கட்டடம்' என்று மாநகராட்சி பலகை மாட்டிய வீடுகள் இருக்கின்றன. பலகைக்குக் கீழேயே துணி காயும். குடியிருப்பவர் ஏன் போகவில்லை என்று கேட்பது சுலபம். 1956-ன் வாடகைச் சட்டக் காலத்தில் குடிவந்து, இன்றைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூடக் காணாத மாத வாடகை கட்டும் குடும்பம் வெளியேறினால் அந்தப் பணத்துக்கு ஊருக்குள் கழிப்பறைகூடக் கிடைக்காது. அந்த வாடகையில் வீட்டுக்காரராலும் பழுதுபார்க்க முடியாது. 1997-ல் புதுச் சட்டம் வந்தும் முடிச்சு முழுசாக அவிழவில்லை. போனால் வாடகைதாரர் உரிமை போகும், இருந்தால் உயிருக்கு ஆபத்து. இந்த வீடுகளுக்கு வேன்காரர் அடிக்கடி வந்து விசாரித்துவிட்டுப் போவார். முகூர்த்தம் குறித்து, அட்வான்ஸ் கொடுத்து, கடைசி நிமிஷத்தில் ரத்தாகும் சவாரிகளில் கணிசமானவை இவைதான்.

புதுக் கட்டடம் என்றால் கவலையில்லையா? 2025 ஜனவரியில் தெற்கே பாகா ஜதினில் நான்கு மாடி அடுக்குவீடு ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் கார்டன் ரீச்சில் கட்டிக்கொண்டிருந்த கட்டடம் சரிந்து பக்கத்துக் குடிசைகளில் பலர் மாண்டார்கள். பழைய வீட்டுக்கு பயந்து புது வீட்டுக்குப் போகிறவர் லோடுமேனிடம் இப்போதெல்லாம் கேட்கும் கேள்வி: "நிறைய வீடு பார்த்திருப்பீங்க, இது தாங்குமா தாதா?" சான்றிதழ் தரவேண்டிய என்ஜினீயரைக் கேட்க வேண்டிய கேள்வி.

போனவர் திரும்புவாரா?

இப்போது இந்தத் தொழிலில் பெரிய வரும்படி ப்ரோமோட்டர் தயவில். பழைய வீட்டை இடித்து அடுக்குவீடு கட்டி, நிலத்துக்காரருக்கு இரண்டு ஃபிளாட், மிச்சம் தனக்கு என்று ஒப்பந்தம் போடுவார். கட்டி முடியும்வரை குடும்பம் வாடகை வீட்டில். ஒரே சாமானுக்கு இரண்டு சவாரி. போகும்போது முழு வண்டி, திரும்பும்போது அரை வண்டி. நடுவில் கட்டிலும் பீரோவும் ரஸ்ஸல் தெருவுக்கோ காயலான் கடைக்கோ போயிருக்கும்.

செயலி வந்து ஸ்டாண்டு வியாபாரத்தைக் கொஞ்சம் தின்றுவிட்டது. போர்ட்டர் மாதிரிச் செயலிகளில் விரலால் அமுக்கினால் குட்டியானை வாசலில். பேரம் கிடையாது. வண்டி ஓட்டுவது வேறு, சாமான் தூக்குவது வேறு என்பது அப்போதுதான் பலருக்கு உறைக்கிறது. பிறகு ஸ்டாண்டுக்கு ஓடிப்போய்ச் சும்மாடு கட்டிய ஆட்களைத் தேட வேண்டியதுதான். அவர்கள் பழைய விரோதத்தையெல்லாம் கணக்கில் சேர்த்து ஒரு ரேட்டு சொல்வார்கள்.

இந்த ஊரின் பெரிய பெரிய வீடு மாற்றங்கள் திரும்பும் ஜாதி இல்லை என்பது வேன்காரருக்குத் தெரியும். 1911 டிசம்பர் 12-ல் தலைநகரம் டெல்லிக்கு என்று அறிவித்தார்கள். வைஸ்ராய் சாமான் செட்டோடு போனவர் போனவர்தான். சிங்கூரில் பாதி கட்டிய நானோ தொழிற்சாலையை வேண்டாம் என்று 2008 அக்டோபர் 3-ல் டாடா அறிவித்து, ஆயிரக்கணக்கான லாரிகளில் இயந்திரங்களைக் குஜராத்தின் சாணந்துக்கு ஏற்றியது. 2013 அக்டோபரில் ரைட்டர்ஸ் பில்டிங்கைப் பழுதுபார்க்க வேண்டும் என்று மாநிலத் தலைமைச் செயலகமே ஆற்றைத் தாண்டி ஹவுராவில் நபன்னாவுக்குத் தற்காலிகமாகக் குடிபோனது. பத்து வருஷம் தாண்டியும் கோப்புகள் அங்கேயேதான் கிடந்தன.

"ரெண்டே வருஷம் தாதா, ஃபிளாட் ரெடியானதும் உங்களைத்தான் கூப்பிடுவோம்" என்று ப்ரோமோட்டரை நம்பிய குடும்பம் சொல்லும்போது வேன்காரர் தலையாட்டிக்கொண்டே நம்பர் எழுதித் தருவார். விவரமானவர்கள் தங்கள் நம்பருக்குக் கீழே மகனுடைய நம்பரையும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள்.